ஊர்தி இல்லமும் ஒட்டு நாடாவும்

மனிதர் கையாற் செய்யப்பெற்ற பொருள் யாதும் பழுதுறாதிருத்தல் இல்லை. பழுதுற்றதைச் சீர்செய்யும் முறை இருவகைப்படும். பழுதின் காரணத்தை ஆராய்ந்து, அதனை அறவே நீக்கி, பொருளை முன்னைய நிலைக்குக் கொணர்தல் ஒன்று. பழுது மேலும் பெருகாவண்ணம் தடுத்து, முறையாகச் சீர்செய்தற்குரிய இடமும் காலமும் வாய்க்குமளவும் பொருளைக் காத்து நிற்றல் மற்றொன்று. முன்னையதைச் செப்பம் என்றும், பின்னையதை இடைக்காப்பு என்றும் ஈண்டு வழங்குவோம். இடைக்காப்பு அறியாதார் நடுவழியில் நின்று வருந்துவர். இடைக்காப்பையே செப்பமென மயங்குவார் வழியின் முடிவைக் காணாமலே போதலும் உண்டு. இவ்வேறுபாட்டை விளக்குதற்கு, எல்லார் கையிலும் புழங்கும் ஒட்டு நாடாவினும் ஏற்ற பொருள் பிறிதில்லை. கடைத்தெருவில் ‘டேப்’ என்று கேட்டு வாங்கும் பொருள் இதுவே. அதனுள்ளும் துணியிழை வைத்த தடித்த வகையைப் பற்றியும், உறைவிடமாகப் பயன்படும் ஊர்திகளில் அதனை இடைக்காப்பாகக் கையாளும் முறையைப் பற்றியும் சில கூறப் புகுந்தனம்.

ஸ்ரீபெரும்புதூர், இராமாநுசர் தோன்றிய பதியென நெடுங்காலமாகப் புகழ்பெற்றது. இந்நாளில் அவ்வூரும், அதற்குத் தெற்கே ஒரகடமும், அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களும் ஊர்திகள் தோன்றும் நிலமாகவும் விளங்குகின்றன. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனத்தார் 1998 ஆம் ஆண்டிற் கார்களைச் செய்யத் தொடங்கினர். ஒரகடத்தில் 2010 இல் ரெனோ நிசான் ஆலையும், 2012 இல் பாரத்பென்ஸ் என்னும் பெயரால் லாரிகளைச் செய்யும் டைம்லர் ஆலையும், 2013 இல் ராயல் என்பீல்டு மோட்டார் சைக்கிள் ஆலையும் தொடங்கப்பெற்றன. ஊர்திகளைச் சோதித்தறியும் ஆய்வு நிலையமொன்றும் ஒரகடத்தில் உளது.

ஊர்தி செய்யும் ஆலைகளில் ஒட்டு நாடா ஒரு தற்செயற் பொருளன்று. வண்ணம் படலாகாத இடத்தை மறைப்பதற்கு ஒரு நாடா. மின்கம்பிகளைக் கட்டாகச் சேர்த்துச் சுற்றுதற்கு வேறொரு நாடா. பெயர்ச் சின்னங்களையும் ஓரப் பட்டைகளையும் உடலோடு பொருத்துதற்கு இருபுறமும் பசை பூசிய நுரை நாடா. இன்ன வேலைக்கு இன்ன நாடா, இவ்வளவு அகலம், இவ்வளவு அழுத்தம் என்பன யாவும் வரையறுக்கப்பெற்றவை. ஆலையின் வாயிலைக் கடந்து ஊர்தி வழியில் இறங்கியபின் அவ்வரையறை ஓட்டுநரைப் பின்தொடர்வதில்லை. அங்கே கையிற் கிடைத்த நாடாவே நாடா. கண்ட இடமே ஒட்டுமிடம். ஆலையாளர் நாடாவினிடத்துக் காட்டும் நுணுக்கத்திற் சிறிதேனும் வழிச்செல்வார்க்கும் வேண்டுமென்பதே எமது கருத்து.

ஊர்தி இல்லம் என்பது யாது? சமைத்தற்கும் உறங்குதற்கும் நீராடுதற்கும் ஏற்ற அறைகளைத் தன்னகத்தே கொண்டு சாலையிற் செல்லும் வண்டியே அது. நம் நாட்டிற் ‘கேரவன்’ என்றவளவில் திரைப்பட நடிகர் இளைப்பாறும் வண்டியே பலருக்கும் நினைவிற்கு வரும். ஆயினும் சுற்றுலாச் செல்வார்க்கும் அது பயன்படத் தொடங்கியுள்ளது. கேரள அரசினர் 2021 இல் ‘கேரவன் கேரளா’ என்னும் திட்டத்தை வகுத்தபொழுது, பாரத்பென்ஸ் பேருந்தின் அடிச்சட்டத்தின்மேல் அமைத்த சுற்றுலா ஊர்தியொன்று அவ்வாண்டே மக்களுக்குக் காட்டப்பெற்றது. எனினும் ஊர்தி இல்லம் செல்வர்க்கே உரியதென்று கருதற்க. சரக்கை ஏற்றுதற்கு முறை வரும்வரை சாலையோரத்திற் காத்திருந்து, ஓட்டுநர் அறையிலேயே உண்டு உறங்கும் லாரி ஓட்டுநருக்கு அவ்வறையே இல்லம். கூரையொழுகினால் நனைவது செல்வருடைய மெத்தையாயினும் ஓட்டுநருடைய பாயாயினும் துன்பம் ஒன்றே.

வீட்டுக்கும் ஊர்தி இல்லத்துக்கும் பெரியதொரு வேற்றுமை உண்டு. வீடு அசையாது, ஊர்தி இல்லம் ஓயாது அதிரும். அதிர்ச்சியால் திருகாணிகள் தளரும்; மூட்டுகள் வாய் திறக்கும்; சாளர விளிம்பிலுள்ள ரப்பர் சுருங்கிப் பிளக்கும். வெயிலில் உலோகம் விரிந்து, இரவிற் சுருங்குவதால் கூரையின் இணைப்புகள் நெகிழும். இவற்றுள் முதற்கண் வெளிப்படுவது மழைக்கால ஒழுக்கே. வடகிழக்குப் பருவக்காற்று ஐப்பசி கார்த்திகைகளில் இவ்வட்டாரத்தில் எத்துணை நீரைக் கொட்டவல்லதென்பதை 2015 ஆம் ஆண்டுப் பெருமழை காட்டிற்று. அப்பொழுது ஊர்தி ஆலைகளே சில நாள் தொழிலை நிறுத்த நேர்ந்தது. அத்தகைய மழையிற் பட்டறை நாடிச் செல்ல இயலாது தங்கினார்க்கு நாடாவொன்றே துணை.

இனி, இந்நாடாவின் வரலாற்றைச் சிறிது காண்போம். வண்ணக்காரர் பயன்படுத்தும் மறைப்பு நாடா ஊர்தித் தொழிலின் பொருட்டே பிறந்தது. ஏறக்குறைய நூறாண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் ஈர்வண்ணக் கார்களுக்குப் பெருவிருப்பம் இருந்தது. இரு வண்ணங்களுக்கும் இடையே நேர்க்கோடு அமைத்தற்குப் பட்டறையார் செய்தித்தாளைப் பசை கொண்டு ஒட்டினர். புண்ணுக்கு இடும் பிளாஸ்திரியையும் ஒட்டினர். பெயர்த்தெடுக்குங்கால் புதிய வண்ணமும் உடன் பெயர்ந்து வந்தது. அத்துன்பத்தைப் பட்டறையிலே கண்ட ரிச்சர்டு டிரூ என்னும் இளைஞர், தாம் பணியாற்றிய திரீ-எம் நிறுவனத்தில் 1925 இல் எளிதிற் பெயரத்தக்க நாடாவைச் செய்தளித்தார்.

தடித்த துணி நாடாவோ போர்க்களத்தின் பொருட்டுத் தோன்றியது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இல்லினாய் மாநிலத்து வெடிமருந்துச் சாலையொன்றில் வெஸ்டா ஸ்டவுட் என்னும் அம்மையார் பணிபுரிந்தார். அவர்தம் மைந்தர் இருவர் கடற்படையில் இருந்தனர். தோட்டாப் பெட்டிகள் மெல்லிய தாள் நாடாவால் ஒட்டப்பெற்று, மெழுகு பூசப்பெற்றன. பிரிக்குங்கால் தாள் கிழிந்துபோமாதலால், பகைவர் சுடுகையில் வீரர் பெட்டியோடு போராட நேரிடுமே என்று அம்மையார் அஞ்சினார். நீர் புகாத துணி நாடாவால் ஒட்டலாம் என்று மேலாளரிடம் கூறியும் பயன் விளையாமையால், 1943 பிப்ரவரியிற் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டுக்கே படத்துடன் மடல் வரைந்தார். அவர் கருத்து ஏற்கப்பெற்றது. ஜான்சன் அண்டு ஜான்சன் நிறுவனத்தார் நாடாவைச் செய்தளித்தனர். பெட்டிக்கென வந்த நாடாவை வீரர் தம் ஊர்திகளுக்கும் கூடாரங்களுக்கும் ஒட்டிக்கொண்டனர். நாம் ஆராயும் இடைக்காப்பு அந்நாளிலேயே தொடங்கிவிட்டது எனலாம்.

நாடாவின் அமைப்பு மூன்று அடுக்கினது. மேலே நீர் புகாத பாலித்தீன் ஏடு. இடையே பருத்தி அல்லது பாலியெஸ்டர் இழைகளாலாகிய வலை. கீழே ரப்பர் கலந்த பசை. ஏடு நீரைத் தடுக்கும். வலை வலிமை தரும். கத்தரிக்கோலின்றிக் கையாலேயே நேராகக் கிழித்தற்கும் அவ்விழைகளே வழிகாட்டும். பசையின் இயல்பே வியத்தற்குரியது. கஞ்சிப் பசை உலர்ந்தபின் ஒட்டும். இப்பசையோ உலர்வதே இல்லை. அழுத்துங்கால் அது மிக மெதுவாகப் பாயும் நீர்மம் போல ஒழுகி, பரப்பின் நுண்ணிய மேடுபள்ளங்களில் நிறைகின்றது. இழுக்குங்கால் திண்பொருள் போலத் தடுத்து நிற்கின்றது. பசையின் மூலக்கூறுகள் பரப்பின் மூலக்கூறுகளை மிக அணுகிய வழி அவற்றிடையே ஒரு மெல்லீர்ப்பு உண்டாகும். இதனை ஆராய்ந்த டச்சு அறிஞர் வாண்டர்வால்ஸ் பெயரால் அவ்வீர்ப்பு வழங்குகின்றது. ஒவ்வோர் ஈர்ப்பும் சிறிதே. எண்ணிறந்தன கூடுதலின் பெரிதாகின்றது. அணுகுதல் இன்றேல் ஈர்ப்பும் இல்லை. புழுதியும் எண்ணெயும் நீரும் இடைநின்று அணுகுதலைத் தடுப்பன. ஆகவே அவை நாடாவுக்குப் பகை.

மற்றொன்றும் அறியத்தக்கது. தரையில் விரித்த பாயை ஓரத்தில் தூக்கிச் சுருட்டுவது எளிது. அதன்மேற் பலர் அமர்ந்திருக்கப் பாயைப் பக்கவாட்டில் இழுப்பது அரிது. ஒட்டு நாடாவும் அத்தகையதே. விளிம்பைப் பற்றி உரித்தால், முழு விசையும் ஒரு கோட்டின்மேல் விழுதலின் எளிதிற் பெயரும். பரப்பின் வழியே இழுத்தால், பசை முழுதும் சுமையைப் பகிர்ந்துகொள்ளுதலின் எளிதிற் பெயராது. ஆதலின் விளிம்புகளைக் காப்பதே நாடாவைக் காப்பதாகும்.

இக்கொள்கைகளினின்றும் செய்முறை தானே விளங்கும். முதலாவது, ஒட்டவேண்டிய இடத்தை ஈரத் துணியாலும் பின்னர் உலர்ந்த துணியாலும் துடைத்து, எண்ணெய்ப் பசை இருப்பின் சோப்பு நீரால் நீக்கி, முற்றும் உலரவிடுக. மழை பெய்துகொண்டிருக்கும்பொழுது வெளிப்புறத்தே ஒட்டுதல் பெரும்பாலும் வீண். உட்புறத்தே ஒரு பாத்திரத்தை ஏந்தி, மழை ஓய்ந்தபின் ஒட்டுதலே அறிவுடைமை. இரண்டாவது, நாடாத் துண்டின் நான்கு மூலைகளையும் வளைவாக வெட்டுக. கூர்மூலையே முதலிற் பெயரும். மூன்றாவது, பிளவைக் கடந்து எல்லாப் பக்கத்தும் ஐந்து சென்டிமீட்டரேனும் நல்ல பரப்பிற் படியுமாறு ஒட்டுக. நான்காவது, நடுவிலிருந்து விளிம்பு நோக்கிக் கட்டைவிரலால் வலிந்து தேய்க்க. அழுத்தமே பசையைப் பாயச் செய்வதாதலின், மெல்ல ஒட்டிவிட்டுப் போதல் ஒட்டாமையோடு ஒக்கும்.

கூரையொழுக்கிற்குச் சிறப்பாக இரண்டு சொல்லவேண்டும். நீர் சொட்டுமிடமே நீர் புகுமிடம் என்று கொள்ளற்க. மேலே ஓரிடத்திற் புகுந்த நீர் தகட்டின் அடியே ஓடி வேறோரிடத்திற் சொட்டும். ஆகவே வண்டி நிற்கும் சரிவை நோக்கி, சொட்டுமிடத்துக்கு மேற்பகுதியில் உள்ள இணைப்புகளையும் காற்றுத் துளையின் விளிம்பையும் ஆராய்க. ஒட்டுங்கால் கூரைக்கு ஓடு வேயும் முறையைப் பின்பற்றுக. தாழ்ந்த பக்கத்தில் முதற் பட்டையை இட்டு, அதன் மேல்விளிம்பை அடுத்த பட்டை மூடுமாறு மேல்நோக்கிச் செல்க. அவ்வாறே வண்டியின் முன்பக்கத்துப் பட்டை பின்பக்கத்துப் பட்டையின் மேற் படிதல் வேண்டும். இன்றேல் எதிர்க்காற்று விளிம்பினுட் புகுந்து உரித்துவிடும். பியூட்டைல் ரப்பர் நாடா கிடைக்குமாயின் கூரையிணைப்புக்கு அதுவே சாலச் சிறந்தது. நெகிழ்ந்து நின்று அதிர்ச்சியையும் நீரையும் ஒருங்கே தாங்கும்.

பக்கச் சாளரம் உடைந்தவழி, கூர்ந்த துண்டுகளைத் தடித்த துணி சுற்றிய கையால் நீக்கி, பாலித்தீன் தாளை விரித்து நாற்புறமும் ஒட்டலாம். கிழிந்த தார்ப்பாய்க்கும் கொசுவலைக்கும் இருபுறத்தும் ஒட்டுதல் நன்று. பசையோடு பசை சேர்தலின் வலிமை பெருகும். அலமாரிக் கதவு ஓட்டத்தில் திறவாதிருக்கவும், தளர்ந்த ஓரப் பட்டை கழன்று சாலையில் விழாதிருக்கவும் நாடா உதவும். விளக்கின் கண்ணாடி உடைந்தால் ஒளி மறையாதவாறு ஓரங்களை மட்டும் ஒட்டுக. ஒளியை மறைத்த விளக்கு இருந்தும் இல்லாததே.

நாடாவின் பகைகளைப் பற்றிக் கூறுமிடத்து, நிலவுலகில் நிகழ்ந்த ஊர்திப் பழுதொன்றை எடுத்துக்காட்டுதல் பொருந்தும். 1972 டிசம்பரில் அப்போலோ 17 கலத்திற் சென்று சந்திரனில் இறங்கிய செர்னன் என்பார், தம் உடையிலிருந்த சுத்தியல் பட்டு, ஊர்தியின் பின்சக்கரக் காப்பின் ஒரு பகுதியை உடைத்துவிட்டார். காப்பின்றேல் சக்கரம் வாரியிறைக்கும் புழுதி வீரர்மேலும் கருவிகள்மேலும் பொழியும். உடனே நாடாவால் ஒட்டினார். எங்கும் படிந்திருந்த நுண்புழுதியால் ஒட்டு நிலைக்கவில்லை; சில மணி நேரத்தில் அது கழன்று வீழ்ந்தது. மறுநாள், கலத்தினுள்ளே தூய இடத்தில் நான்கு நிலப்படங்களை நாடாவால் ஒன்றோடொன்று ஒட்டி, அதனை வெளியே கொணர்ந்து கவ்விகளாற் பொருத்தினர். அது நின்றது. தூய இடத்தில் நாடா. புழுதியிடத்திற் கவ்வி: இதுவே அவர்கள் கற்ற பாடம். கனரக லாரிகள் ஓயாது செல்லும் ஒரகடத்துச் சாலையின் புழுதியில் நிற்பார்க்கும் அது பொருந்தும். ஒட்டாத இடத்தில் மேலும் மேலும் நாடாவைச் சுற்றுவதை விடுத்து, கயிறோ கம்பியோ கவ்வியோ கொண்டு கட்டுதல் வேண்டும்.

வெப்பம் இரண்டாம் பகை. சித்திரை வைகாசி வெயிலில் நிற்கும் வண்டியின் கூரைத் தகடு காற்றினும் மிகச் சூடேறும். 60 பாகை செல்சியசைக் கடத்தலும் உண்டு. அச்சூட்டில் ரப்பர்ப் பசை இளகி வழுக்கும். நாள் செல்லச் செல்லக் காய்ந்து பொடியும். வெப்பக் காற்றுக் குழாய்களுக்கு ஒட்டப்பெற்றமையால் ஆங்கிலத்திற் ‘குழாய் நாடா’ என்னும் பொருள்படப் பெயர்பெற்ற இதனை, அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தார் 1998 இற் சோதித்தனர். அக்குழாய்களின் இணைப்பிலேயே அது நிலையாது என்பது தெளிவாயிற்று. பெயர் கூறும் வேலைக்கே உதவாத பொருள், பெயர் கூறாத நூறு வேலைக்கு உதவுகின்றது. அந்நூறும் குறுகிய காலத்துக்கே என்பதை மறவற்க.

இனி, ஒட்டலாகாத இடங்கள். இப்பகுதியைப் படிப்போர் விரைந்து கடத்தல் ஆகாது. ஏனைய பிழைகளால் உடைமை நனையும், இப்பிழைகளால் உயிர் போம். சமையல் எரிவாயுக் குழாயில் வெடிப்புக் கண்டால் நாடா சுற்றற்க. அவ்வாயு காற்றினும் கனத்தது. கசிந்தால் தரையிலே தேங்கி, சிறு பொறிக்குக் காத்திருக்கும். உருளையின் வாயிலை மூடி, கதவுகளைத் திறந்து, மின்பொத்தான் எதனையும் தொடாது வெளியேறிப் புதுக்குழாய் மாற்றும்வரை அடுப்பை மறந்துவிடுக. புகைபோக்கிக் குழாயின் ஓட்டையையும் நாடாவால் அடைத்தற்கில்லை. சூட்டில் நாடா கருகும். கார்பன் மோனாக்சைடு என்னும் நிறமும் மணமுமில்லா நச்சுவாயு உறைவிடத்தினுட் புகும். உறங்குவார் விழியாமலே மாய்வர். தடைக் குழாய், எரிபொருட் குழாய், சக்கரம், திருப்பு கருவி, இருக்கை வார் ஆகியன ஒருபோதும் நாடாவுக்கு உரியன அல்ல. வீட்டு மின்னழுத்தம் பாயும் கம்பிக்கு இத்துணி நாடா காப்பாகாது. மின்னிணைப்பை நிறுத்தி, மின்காப்பு நாடாவை இட்டு, மின்வினைஞரைக் காணும்வரை அவ்விணைப்பைப் பயன்படுத்தாதிருத்தல் வேண்டும். நினைவிற் கொள்ளத்தக்க விதி ஒன்றே: அழுத்தமும் தீயும் மின்னும் உள்ள இடத்திலும், வண்டியை நிறுத்தவோ திருப்பவோ உதவும் உறுப்பிலும் நாடா இல்லை.

நாடாவின் பெருங்குற்றம் அது தோற்பதன்று; சிறிது காலம் வெல்வதே. ஒழுக்கு நின்றவுடன் உள்ளமும் நின்றுவிடுகின்றது. “ஆகட்டும், அடுத்த திங்கள் பார்ப்போம்” என்கின்றோம். ஒட்டின்கீழே ஈரம் தங்கித் தகடு துருவேறுகின்றது; மரச்சட்டம் உளுக்கின்றது; நூறு ரூபாய்ப் பழுது ஆயிரங்களாக வளர்கின்றது. நாடா தருவது காலக்கடன். கடன் வாங்குதல் இழிவன்று. வாங்கியதை மறத்தலே இழிவு. இதற்கு எளிய வழியொன்று கூறுவோம். ஒட்டியவுடனே, அழியாத மையெழுதுகோலால் நாடாவின்மேலேயே அன்றைய நாளைக் குறித்திடுக. கடன் முறி எழுதியது போல அஃது நாள்தோறும் நம்மை நோக்கும். பட்டறையை அடைந்ததும், மெக்கானிக்கிடம் ஒட்டிய இடங்கள் யாவற்றையும் மறைக்காது காட்டுக. நாடாவை வெயிலில் இளகவிட்டு, பின்னோக்கி மடித்து மெல்ல உரித்து, எஞ்சிய பசையைத் தேங்காயெண்ணெய் தடவிச் சிறிது நேரம் ஊறவிட்டுத் துடைத்தால் பரப்புத் தூய்மையாகும். அதன்பின் செய்வதே செப்பம்.

இவ்வறிவு நமக்குப் புதிதன்று. உப்பு விற்கச் சென்ற உமணர், மேடும் பள்ளமுமான வழியில் என்ன நேருமோ என்று கருதி, வண்டியின் கீழே சேம அச்சொன்றைக் கட்டிச் சென்றனர் என்பதை ஔவையார் எழினியைப் பாடிய புறநானூற்றுப் பாட்டால் அறிகின்றோம். அவர்கள் அச்சு முறிந்தால் கயிறு சுற்றிக்கொள்ளலாம் என்று புறப்பட்டாரல்லர்; அச்சுக்கு அச்சே வேண்டும் என்றறிந்து அதனையே உடன்கொண்டனர். உயிர்நிலையான உறுப்புக்கு மாற்றுறுப்பு; ஏனைய சிறு பழுதுக்கு நாடா; இரண்டையும் பிரித்தறிய நல்லறிவு. நெடுவழி செல்வார் இம்மூன்றையும் வண்டியில் ஏற்றியபின் புறப்படுவாராக.